வெங்காயத்துக்கு ஒரு வெளியுறவுக் கொள்கை

என் மச்சினன் தங்கப்பழம் செருப்பைக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த ஒரு நாள்தான்.

வந்தவன் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. எனக்குக் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவிடும் பழக்கம் உண்டு. தோளில் நாலு, பையில் இரண்டு, காதோரம் ஒன்று. ஏழு சருகு.

"அத்தான், தடை போட்டுட்டான்" என்றான்.

"யாரு?"

"டெல்லிக்காரன். வெங்காயம் வெளிநாட்டுக்குப் போகப்படாதாம். ஒரு கிலோகூட."

கைப்பேசியை நீட்டினான். அரசு முத்திரையோடு ஒரு காகிதத்தின் படம். அதையே நாலு பேர் அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். நாலும் ஒரே படம்தானா என்று நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் ஒண்ணுதான் அத்தான்! அங்கன தோணியில என் வெங்காயம் வேகுது, நீங்க படத்தை எண்ணிக்கிட்டிருக்கிய!"

அடுக்களையிலிருந்து என் மனைவி சண்முகக்கனி எட்டிப் பார்த்தாள். "ஏலே, செருப்ப வெளிய வுட்டுட்டு வந்து கத்துலே" என்றாள் தம்பியிடம்.

விஷயம் இதுதான். தங்கப்பழம் பல வருடங்களாக ஊருக்குள் வெங்காய மொத்த வியாபாரம் செய்கிறவன். ஊரை ஒட்டியிருக்கும் புதுக்கோட்டையில் கிடங்கு. ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அனுப்புவான். அந்த வருடம்தான் முதன்முதலாக, சொந்தப் பொறுப்பில், மாலத்தீவுக்கு ஒரு தோணிச் சரக்கு ஏற்றத் துணிந்தான். பழைய துறைமுகத்தில் நிற்கும் மரத்தோணிகள் காய்கறியும் கட்டடக் கல்லும் ஏற்றிக்கொண்டு அந்த நாட்டுத் தலைநகர் மாலேக்குப் போய்வருவது எங்கள் ஊரில் சைக்கிள் ஓடுவதுபோல. யாரும் நின்று பார்ப்பதில்லை.

சித்திரை வெயில். காற்றுக்காலம் தொடங்கிவிட்டால் தோணிகளுக்குக் கடல் மூடிவிடும். அதற்குமுன் இது கடைசி நடை. வெங்காயம் வடக்கேயிருந்து லாரியில் வந்து, தோணிக்குள் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. இப்போது தடை.

"ஏத்துறத நிறுத்தச் சொன்னியாடே?" என்று கேட்டேன்.

"சொன்னேன். தண்டல் நிறுத்த மாட்டேங்கான்."

தண்டல் என்றால் தோணியின் தலைவன்.

"ஏன் மாட்டேங்கான்?"

"'தடை வெளிநாட்டுக்குத்தான அண்ணாச்சி, நமக்கென்ன'ங்கான்."

பிளேன் ஏறினால்தான் வெளிநாடு

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். ஸ்கூட்டரில் போவது எனக்குப் பிடிக்காது. முன்சக்கரத்தில் காற்று குறைவாக இருப்பதுபோல் எப்போதும் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். போன வாரம் இதே பத்தியில் உப்பளத்துச் சாலை மின்கம்பங்களின் எண்ணிக்கையைத் தவறாக எழுதிவிட்டதாக ஒரு வாசகர் தொலைபேசியில் கண்டித்தார். மறுபடி போய் எண்ணினேன். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. நான் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு கம்பம் புதிதாக நட்டிருக்கிறார்கள்.

தோணிக்குப் பக்கத்தில் போகும்போதே வாசனை முகத்தில் அடித்தது. தார், உப்பு, ஈரக்கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே வெங்காயம். பலகையில் ஆட்கள் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். தண்டல் கஸ்பார் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டிய, அகலமான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். நல்ல நேரத்துல வந்திய. அண்ணாச்சி பதறுதாரு. நீங்க படிச்சவங்க, எடுத்துச் சொல்லுங்க. தடை வெளிநாட்டுக்கு. நாம போறது மாலேக்கு."

"மாலே வெளிநாடு இல்லையா தண்டல்?"

"எங்கன சார் வெளிநாடு?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வெளிநாடுன்னா பிளேன் ஏறணும். எங்க கொழுந்தியா மவன் குவைத்துல இருக்கான், அது வெளிநாடு. லீவுல வந்தான்னா வாசல்லயே சேர் போட்டு உக்கார வைக்காங்க. நான் மாலேக்குப் போயி சரக்க இறக்கிட்டு, குளிச்சு, கஞ்சி குடிச்சிட்டு வாரேன். எங்க அப்பாவும் போனாரு, அவுக அப்பாவும் போனாரு. வெளிநாடு போன குடும்பம்னு எங்கள எவனாவது சொல்லியிருக்கானா?"

"காகிதமெல்லாம் காட்டுறீங்க, முத்திரை குத்துறாங்க இல்லையா?"

"காட்டுதோம், குத்துதான். ஹார்பருக்குள்ள நுழையவுந்தான் பாஸ் காட்டுதோம். அப்பம் ஹார்பரு வெளிநாடா?"

கல்லூரியில் முப்பது வருடங்களுக்குமேல் அரசியல் அறிவியல் பாடம் எடுத்தவன் நான். அதில் வெளியுறவுக் கொள்கை தனித் தாள். இறையாண்மை, எல்லை, அங்கீகாரம் என்று அரை மணி நேரம் பேச என்னிடம் சரக்கு இருந்தது. அந்த வெயிலில், அந்தக் கயிற்றுச் சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

"ஏலே, நிறுத்துங்கலே!" என்று தங்கப்பழம் பலகையைப் பார்த்துக் கத்தினான்.

"நிறுத்தாதிய, ஏறுங்க!" என்றார் தண்டல்.

பலகையின் நடுவில் மூட்டையோடு நின்ற ஆள், "மொதலாளி, ரெண்டு பேருல ஒருத்தர் பேசுங்க. தலைல இருக்கது பஞ்சு இல்ல" என்றான்.

வாயால் சொன்னால் கோப்பில் வைக்க முடியாது

தங்கப்பழமும் நானும் போய்ப் பார்த்த சுங்க அதிகாரி ஓர் இளம் பெண். ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என் கவலை பாதி குறைந்தது.

"காலையிலிருந்து எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க சார்" என்றார். "'மாலத்தீவுக்கு எப்பவும் போகும்'னு. எப்பவும் போகும்கிறதை நான் எந்தக் கோப்புல வைக்கிறது? மாலத்தீவுக்கு விலக்கு உண்டுன்னு ஓர் ஆணை இருந்தா கொண்டுவாங்க. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிடைச்சா, தோணி கிளம்பலாம்."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கள் ஊர்மேல்தான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவரிடமும் காகிதம் இல்லை. தங்கப்பழத்துக்குக் காகித வேலை பார்த்த ஏஜென்ட் ஒரு கல்யாணத்துக்காக மலையூருக்குப் போயிருந்தார். போனில் கிடைத்தார். "பயப்படாதிய அண்ணாச்சி, எப்பவும் போகும்" என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது.

வெளியே வந்ததும் தங்கப்பழம் வேப்பமரத்து நிழலில் நின்று என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்கதான வருஷக்கணக்கா வெளியுறவுக் கொள்கை, வெளியுறவுக் கொள்கைன்னு பாடம் எடுத்திய. அந்தக் கொள்கையில நம்ம வெங்காயம் எங்கன கெடக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் காரணமாகவும் இருக்கலாம்.

கை குலுக்கும் படங்கள்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியுறவு பற்றி அரசாங்கம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த வழி மூன்று. வானொலிச் செய்தி, முந்தின நாள் ஆங்கிலப் பத்திரிகை, தபால் அட்டை. மூன்றாவதுதான் என் வழி. டெல்லியிலுள்ள தூதரகங்களுக்கு அட்டை போடுவேன். "ஐயா, நான் ஓர் ஆசிரியன், தங்கள் நாட்டைப் பற்றிய வெளியீடுகளை அனுப்பி உதவவும்."

பிற நாட்டுக்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். வழவழத் தாளில் வண்ண வண்ணமாக வரும். தெருப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கெல்லாம் என் வீட்டுத் தாளில்தான் அட்டை. கணக்குப் புத்தகத்தின்மேல் கோதுமை வயல், தமிழ்ப் புத்தகத்தின்மேல் டிராக்டர், அறிவியலுக்கு ஒரு பனிச்சறுக்கு வீராங்கனை. எங்கள் தெருவில் பனியைத் தொட்டவர் யாரும் இல்லை. ஆனால் பனியில் எப்படி நிற்க வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நம் நாட்டு அமைச்சகத்துக்கும் ஓர் அட்டை போட்டேன். நெடுநாள் கழித்து, நான் கேட்டதையே மறந்த பிறகு, ஒரு கனத்த பொட்டலம் வந்தது. ஆண்டறிக்கை. ஆவலாகப் பிரித்தேன். இந்தியில் இருந்தது.

எனக்கு இந்தி தெரியாது. அதற்காக வந்ததைத் திருப்பி அனுப்புவதா? படங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டு பேர் கை குலுக்கும் படம். அறுபத்தொன்று எண்ணினேன். அதில் எத்தனையில் நடுவில் பூச்சாடி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், வாசகர்களைச் சோதிக்க விரும்பவில்லை. அந்தப் புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போய், "நம் நாட்டின் நட்புகள்" என்று காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், இதுல யாராவது முறைச்சுக்கிட்டு நிக்காங்களா?" என்று கேட்டாள். ஒரு படத்தில் நின்றார்கள். அந்த வகுப்பு நன்றாக நடந்தது.

வெங்காயத்தைத் தேடியவன் கதை

இப்போது தபால் அட்டை இல்லை. மகள் விட்டுப்போன மடிக்கணினி இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். தங்கப்பழம் பக்கத்தில் உட்கார்ந்தான். கஸ்பாரும் வந்துவிட்டார். தோணிக்கு ஆள் போட்டுவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்க்க வந்ததாகச் சொன்னார். என் மனைவி மூவருக்கும் காப்பி வைத்தாள்.

தேடுகிற கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதினேன். "ஐயா, மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றுமதி செய்வது குறித்த அரசாணையைத் தயவுகூர்ந்து வழங்கவும்."

சண்முகக்கனி தோளுக்குமேல் பார்த்தாள். "அது என்ன கலெக்டரா, ஐயா போடுதிய?"

"மரியாதைக்கு ஒன்றும் செலவில்லை."

வந்ததெல்லாம் வெங்காய ஊத்தப்பம்.

பிறகு நேராக வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்துக்கே போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று எனக்குக் கண் திறந்தது. நான் அட்டை போட்டுக் காத்திருந்தது எல்லாம் அங்கே சும்மா கிடக்கிறது. நாடு நாடாக உறவுக் குறிப்பு. எந்த வருடம் யாரோடு என்ன ஒப்பந்தம் என்று ஒரு கிடங்கு. ஆண்டறிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர் சொன்ன பதில்களும். அந்தக் கேள்விகளில் ஒரு அழகு உண்டு. உறுப்பினர் அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து கேள்வி கேட்டிருப்பார். பதில் "அ முதல் உ வரை" என்று ஒரே பத்தியாக வரும். நானும் விடைத்தாள் திருத்தியவன். அந்த வித்தை எனக்குப் புதிதில்லை.

ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். மீனவர் பற்றி ஒன்று, கப்பல் போக்குவரத்து பற்றி ஒன்று, யோகாவைப் பற்றி நாலு.

"அத்தான்" என்றான் தங்கப்பழம்.

"இரு. இது சுவாரசியமாக இருக்கிறது."

"அத்தான், வெங்காயம்!"

"சார் இப்பம் எந்த நாட்டுல இருக்காரு?" என்று கஸ்பார் கேட்டார்.

"மங்கோலியா" என்றேன்.

"மாலேக்கு அந்த வழியாப் போவப்படாது சார். சுத்து."

மாலத்தீவின் உறவுக் குறிப்புக்குத் திரும்பினேன். அதில் ஒரு வரி இருந்தது. பழைய வணிக ஒப்பந்தம் ஒன்றின்படி, அத்தியாவசியப் பொருள்களை அந்த நாட்டுக்குக் கொடுக்க நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தக் கிடங்கில் அந்த ஒப்பந்தமும் கிடைத்தது. யாரோ கோணலாக வைத்துப் படமெடுத்த தட்டச்சுப் பக்கங்கள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டே முழுதும் படித்தேன். அதில் வெங்காயம் இல்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. வெளியுறவுத் துறை வாக்குக் கொடுக்கிறது. எதை எவ்வளவு என்று வணிகத் துறை வருடாவருடம் ஆணை போடுகிறது.

வணிகத் துறையின் ஆணைகளுக்குள் போனேன். மாலைக் காப்பி ஆறிப்போன நேரத்தில் அது திரையில் வந்தது. மாலத்தீவுக்கு முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி. கீழே ஒரு வாக்கியம்: இந்தப் பொருள்களுக்கு இப்போது இருக்கும் தடையோ, இனிமேல் வரப்போகும் தடையோ, எதுவும் செல்லாது.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. தங்கப்பழம் எழுந்து என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான். அறுபது வயதுக்காரன். கஸ்பார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஜெராக்ஸ் கடை மூடிருவான்" என்று தங்கப்பழம் ஆணையைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினான். கஸ்பாரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வீடு அமைதியானது. எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. ஆணையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வரிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முந்தின வரியில், அது எதுவரை செல்லும் என்று போட்டிருந்தது.

போன பங்குனியோடு முடிந்துவிட்டது.

கொடுத்தவன் சொல்லுவான்

போன் போட்டேன், தங்கப்பழம் எடுக்கவில்லை. இருட்டுவதற்குமுன் திரும்பி வந்தான். இந்த முறை செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டான். அதிலிருந்தே செய்தி தெரிந்தது.

"போன வருஷத்து ஆணையாம். 'சரியான வழியிலதான் போறீங்க, இந்த வருஷத்தது இருக்கான்னு பாருங்க'ன்னு அந்தப் பொண்ணு நல்லவிதமாத்தான் சொல்லுது." பிறகு அக்காவைப் பார்த்து, "வெங்காயத்துல சூடு ஏறிட்டுக்கா. இன்னும் ரெண்டு நாள்ல முளைச்சிரும்" என்றான்.

"அழுகுனா நம்ம வீட்டுக்குத்தாம்லே வரும். ஆடி வரைக்கும் வெங்காயச் சாம்பார்" என்றாள் அவள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடி உட்கார்ந்தேன். இந்த வருட ஆணையைக் காணோம். வெங்காயம் என்று தேடினேன். தடை, தடை, தடை, தடைக்கு விளக்கம். எங்கேயும் மாலத்தீவு இல்லை. ஒருவேளை இந்த வருடம் ஆணையே போடவில்லையோ? இரண்டு நாடுகளுக்கும் ஏதாவது மனத்தாங்கலோ? முறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பழைய படம் நினைவுக்கு வந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுவிட்டேனா என்று சந்தேகம் வந்து, அட்டையில் காலிக்குழிகளை எண்ணிப் பார்த்தேன். போட்டிருந்தேன்.

சண்முகக்கனி மேசையின் மறுமுனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கன தேடுதிய?"

"வெங்காயத் தடைக்குள்."

"தடை போட்டவன் அதுக்குள்ள எதுக்கு விலக்கப் பத்திச் சொல்லப் போறான்? குடுக்கது நாம, வாங்குறது அவுக. குடுத்தவன்தான ஊரெல்லாம் சொல்லுவான்? தம்பி கல்யாணத்துக்கு நாம குடுத்த குத்துவிளக்கப் பத்தி நீங்க எத்தன பேருட்ட சொல்லியிருக்கிய?"

நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இதோ இப்போது உங்களிடமும்.

உடனே மாலேயிலுள்ள நம் தூதரகத்தின் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். அவள் சொன்னபடியே இருந்தது. நம் நாடு நட்பின் அடையாளமாக இந்த வருடமும் மாலத்தீவுக்கு இன்னின்ன பொருள்களை அனுமதித்திருக்கிறது என்று கொட்டையெழுத்தில், தேதியோடு, இரண்டு நாட்டுக் கொடியோடு. கீழே அந்த ஆணையின் எண். அந்த எண்ணைத் திருப்பி வணிகத் துறையில் போட்டதும் இந்த வருட ஆணை வந்து நின்றது. தலைப்பில் வெங்காயம் என்ற சொல்லே இல்லை. அதனால்தான் நான் முதலில் தாண்டிப் போயிருக்கிறேன். அத்தியாவசியப் பொருள்கள் என்று பொதுவாகப் போட்டிருந்தது. உள்ளே பட்டியலில் வெங்காயம். இப்போதுள்ள தடை, இனி வரும் தடை என்ற அதே வாக்கியம். அடுத்த பங்குனி வரை செல்லும்.

இன்னும் கீழே போனேன். எந்தெந்தத் துறைமுகங்கள் வழியாக அனுப்பலாம் என்று சில பெயர்கள். அதில் எங்கள் ஊர்.

பழைய ஆங்கில எழுத்துமுறையில், வெள்ளைக்காரன் எழுதியபடி இருந்தது. ஒன்பது எழுத்து. இரண்டு முறை எண்ணினேன். வெளியுறவுக் கொள்கை டெல்லியில் வகுக்கப்படுகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதிப் போட்டவன் நான். அதில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தது அன்றுதான். முந்தின நாள் பார்த்த பழைய ஆணையிலும் அது இருந்திருக்கும். அவசரத்தில் கவனிக்கவில்லை.

"கெடைச்சுட்டா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அப்பம் ஏன் அழுதிய?"

"கத்தரிக்காய்" என்றேன். அவளும் விட்டுவிட்டாள்.

தங்கப்பழத்துக்குச் சொன்னதும் உடனே கிளம்பச் சொன்னான். நான் மறுத்தேன். ஒருமுறை சூடுபட்டாயிற்று. இந்த ஆணைக்குப் பிறகு இன்றுவரை வந்த ஆணைகளில் எதுவும் இதை ரத்து செய்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த முறை தலைப்போடு நிற்காமல் உள்ளேயும் திறந்து பார்த்தேன். மிளகு, சந்தனக்கட்டை, சர்க்கரை, ஏதோ இயந்திரத்தின் உதிரிப்பாகம். ஒன்றும் மாலத்தீவைத் தொடவில்லை. வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எத்தனை முறை அடித்தான் என்று எழுதினால் அவனுக்கு மரியாதையாக இருக்காது.

மூட்டையெல்லாம் உள்ளே

அதிகாரி காகிதத்தை வாங்கினார். அதைப் படிக்கவில்லை. தன் கணினியில் ஆணையின் எண்ணைப் போட்டு, மூலத்தையே எடுத்துப் படித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இரண்டு தரம் படித்தார். பிறகு சிரித்தார்.

"இதைத்தான் சார் கேட்டேன். நான் வெங்காயம்னு தேடிக்கிட்டிருந்தேன்."

"நானும்தான்."

"தூதரகப் பக்கத்துல இருக்கும்னு எப்படித் தோணுச்சு?"

குத்துவிளக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். மிச்சக் காகிதங்கள் எல்லாம் தங்கப்பழத்திடம் ஒழுங்காக இருந்தன. சாயங்காலத்துக்கு முன்பே அனுமதி கிடைத்தது.

தோணிக்குப் போனபோது எல்லா மூட்டையும் உள்ளே இருந்தது. கஸ்பார் ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நாந்தான் சொன்னேம்லா சார், மாலே வெளிநாடு இல்லன்னு" என்றார் வெற்றியோடு.

"இல்லை தண்டல். மாலே வெளிநாடுதான். மற்ற வெளிநாடுகளுக்குப் போட்ட தடை அதற்கு மட்டும் இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான்."

அவர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். "வெளிநாடுதானா?"

"ஆமாம். ஆணையில் அப்படித்தான் இருக்கிறது."

"அப்பம் நான் இம்புட்டு நாளா வெளிநாட்டுக்கா போய்ட்டு வாரேன்?"

"ஆமாம்."

"எங்க அப்பா?"

"அவரும்தான்."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு தன் தோணியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை புதிதாகப் பார்த்தார். "யேசுவே" என்று மெல்லச் சொன்னார். "இத்தன நாளும் அந்தக் குவைத்துப் பய வந்தா சேர் அவனுக்கு, எனக்கு வாங்குப் பலகையில ஓரமாத்தான் எடம் குடுப்பாவ."

தங்கப்பழம் கரையில் நின்று கையாட்டிக்கொண்டே இருந்தான். தோணிக்கா வெங்காயத்துக்கா என்று தெரியவில்லை. தோணி திரும்பி, அலைதாங்கிக் கல்லைத் தாண்டி, சின்னதாகி, கடற்பறவைகளோடு கலந்துபோகும்வரை நின்றோம். பறவைகளை எண்ணப் பார்த்தேன். அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. முதன்முறையாக ஓர் எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

குவைத்துப் பயலும் தண்டலும்

வெங்காயம் நல்லபடியாக இறங்கியது. தங்கப்பழம் அந்த ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிடங்கில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அடுத்த பங்குனியோடு அது காலாவதி என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

கடல் மூடிய பிறகு ஒரு காலையில் கஸ்பார் வீட்டுக்கு வந்தார். மாலேயிலிருந்து ஒரு பொட்டலம் மாசிக்கருவாடு கொண்டுவந்திருந்தார். கட்டைபோல உலர்ந்த ஐந்து துண்டு. சண்முகக்கனி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கஸ்பார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என்ன தண்டல், தெருவில் இப்போது மரியாதை எப்படி?"

"அதையேன் கேக்கிய சார். எங்க வீட்ல அவ தெருப் பூராவும் சொல்லிட்டா. 'எங்க வீட்டு ஆளும் ஃபாரின்தான், கவுருமெண்டு ஆர்டர்லயே இருக்கு'ன்னு. வாசல்ல சேர் போட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"பிறகு?"

"சேர்ல உக்காந்ததும் கொழுந்தியா கேக்கா, 'மச்சான், செண்டு கொண்டாரலியா?'ங்கா. பக்கத்து வீட்டுக்காரி சோப்பு கேக்கா. எங்க மாமியா தைலம் கேக்கா. சாக்லேட்டுக்குப் புள்ளைங்க வாசல்ல வரிசையா நிக்கி. மாசிக்கருவாட்டக் காட்டுனேன். 'இதா ஃபாரின் சாமான்?'னு குசினிக்குள்ள போயிச் சிரிக்காளுவ. முன்னால நான் பாட்டுக்குப் போயிட்டு, நான் பாட்டுக்கு வந்தேன் சார். ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல."

நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். மேசைமேல் மூடிக் கிடந்த மடிக்கணினியைக் கண்ணால் காட்டினார்.

"சார், அதுல எல்லாம் இருக்குன்னு சொன்னியள்லா. மாலே வெளிநாடு இல்லன்னு பழைய ஆர்டர் ஏதாவது கெடக்கான்னு பாருங்க. காலாவதியானதா இருந்தாலும் போதும்."

தேடிக்கொண்டிருக்கிறேன்.